மூக்கு மட்டும் தெரியும் படம்

அக்டோபர் 6, 2013

நாய்ப் பயிற்சித் திட்டத்தில் இருக்கும் திரு. டெல்பர்ட் அவர்களுக்கு,

என் பெயர் மார்லீன். சிறைக்குள் நீங்கள் பழக்கி அனுப்பிய கூப்பர் என்ற கறுப்பு நாய் கடந்த வசந்தத்திலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறான். பழக்கியவருக்கு நன்றிக் கடிதம் எழுதலாம், முதல் பெயர் மட்டும் போடலாம், முகவரி கூடாது, கடிதம் தன் வழியாகத்தான் போகும் என்று திட்ட அலுவலகத்தின் திருமதி ஓபர்க் அப்போதே சொன்னார். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் நன்றி இல்லாமை அல்ல, சோம்பல்.

சௌக்கியமாக இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். என் கட்டிலில் என்னைவிட அதிக இடம் பிடிக்கிறான். அஞ்சல்காரியைப் பார்த்துக் குரைப்பதில்லை என்பதால் அவளுக்கும் அவன்மேல் பிரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜூனில் ஓய்வு பெற்றபோது டிப்போவில் எல்லோரும் சேர்ந்து ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா. அதுவரை நான் கைபேசியில்தான் படம் எடுத்தவள். வாங்கிக் கொடுத்தவர்கள் முகத்துக்காகவாவது கற்றுக்கொள்ள வேண்டுமே என்று நூலகத்தில் வியாழன் மாலை நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். வளர்ப்புப் பிராணிகளைப் படம் எடுக்கச் சொல்லித் தரும் வகுப்பு. எல்லோரும் அவரவர் நாயையோ பூனையையோ கூட்டி வருவோம். மற்றவர்களின் நாய்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என்னுடையவன் மட்டும் நான் பொத்தானை அழுத்தியதும் எழுந்து ஓடி வந்து லென்ஸில் மூக்கை வைத்து அழுத்துகிறான். முதல் படத்தை நான் கெடுக்கிறேன், இரண்டாவதை அவன் கெடுக்கிறான். மூன்றாவது என்று ஒன்று இதுவரை இல்லை.

இந்த உறைக்குள் நான்கு படங்கள் வைத்திருக்கிறேன். நான்கிலும் மூக்குதான். கேமராவைக் கண்டால் அவனுக்குப் பயமா? யாராவது அடித்திருக்கிறார்களா? தெரிந்தால் எழுதுங்கள்.

நன்றியுடன்,
மார்லீன்


அக்டோபர் 20, 2013

மதிப்புக்குரிய மார்லீன் அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் பிரித்த நிலையில் என் கைக்கு வந்தது. இங்கே எல்லாக் கடிதமும் அப்படித்தான் வரும். பிரித்தவர் கோல்ப் என்ற காவலர். படங்களைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது, மூக்கா?” என்றார். “ஆமா சார், எனக்குத் தெரிஞ்ச மூக்குதான்” என்றேன். இடது துவாரத்தின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி இருக்கிறது பாருங்கள். அதை ஆயிரம் மூக்குகளுக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன்.

ஒரு சின்னத் திருத்தம். கூப்பர் என்பது காகிதத்துக்காக அலுவலகம் வைத்த பெயர். நாங்கள் வைத்தது வார்டன், இந்தச் சிறையின் கண்காணிப்பாளரை எல்லோரும் கூப்பிடும் பதவிப் பெயர். “வார்டன், உக்காரு!”, “வார்டன், தரையில எச்சில் விடாத!” என்று அதிகாரிகள் காதில் விழும்படி சொல்வதில் இங்கே பலருக்கு ஒரு சுகம் இருந்தது. கண்காணிப்பாளருக்கு அந்தச் சுகம் பிடிக்கவில்லை. ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அவனை யாரும் அடித்ததில்லை. இங்கே வந்த பிறகு இல்லை, அதற்கு நான் பொறுப்பு. வருவதற்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியாது. கேமராவைக் கண்டு பயம் என்றால் விலகித்தானே ஓட வேண்டும், கிட்டே வரக் காரணம் இல்லை. அந்தக் கேமரா என்ன சத்தம் போடும்? நான் உள்ளே வந்து பல வருஷம் ஆகிறது. பெரிய கேமராவைக் கையில் தொட்டதுமில்லை.

யாருக்கு எழுதுகிறீர்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினேன். சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். ஏப்ரலில் வெளியே வருகிறேன். வெளியே போனதும் என்ன வேண்டும் என்று இங்கே எல்லோரிடமும் கேட்பார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எங்காவது தெருவில் என்னைக் கடந்து போனால் வார்டனுக்கு என்னைத் தெரிய வேண்டும். நின்று பேச வேண்டாம், தெரிந்தால் போதும். இதை உங்களிடம் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
டெல்பர்ட்


நவம்பர் 10, 2013

டெல்பர்ட்,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சில நாள் தொடாமல் இருந்தேன். நான் பேருந்து ஓட்டியவள். ஊரின் பாதிக் குழந்தைகள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். குடித்துவிட்டு எதிரே வரும் வண்டியை அடையாளம் கண்டு ஒதுங்குவதற்கென்றே எங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. நீங்கள் செய்ததைச் சின்ன விஷயம் என்று என்னால் எழுத முடியாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அந்த மனிதரின் வீட்டாருடைய பாடு. நாயைப் பற்றி எழுதுவோம்.

“வார்டன்!” என்று கூப்பிட்டேன். கம்பளத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு வாசல் கதவுக்குப் போய் நின்றான். யாரோ வருகிறார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் திரும்பினான். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

சத்தம் கேட்டீர்கள். புதினா மிட்டாய் வரும் சின்னத் தகர டப்பா இருக்கிறதே, அதன் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திறந்து மூடினால் எப்படி இருக்கும், அப்படி. டிக்-டக். உள்ளே ஒரு கண்ணாடி மேலே போய்க் கீழே வருகிற சத்தம் என்று வகுப்பில் சொன்னார்கள். கைபேசியில் சத்தத்தை அணைத்துவிட்டு எடுத்தேன். சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

வகுப்பு எடுப்பவர் ரஸ். கல்யாணப் படம் எடுத்து அலுத்துப்போய் நாய்களிடம் வந்தவர். “மார்லீன், நாய எடுக்கச் சொன்னேன், நாயோட மூக்குக்குள்ள போய் எடுக்கச் சொல்லல” என்கிறார். நாயின் கண் மட்டத்துக்கு நாமும் இறங்க வேண்டும், கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும், மற்றது எப்படிப் போனாலும் போகட்டும் என்பது அவர் பாடம். கறுப்பு நாய் எப்போதும் கரி மூட்டையாகத்தான் வரும், வெளிச்சத்தைக் கூட்டு என்கிறார். என் முழங்கால்கள் இறங்குகின்றன, ஏறத்தான் மறுக்கின்றன.

மான் வேட்டைக் காலம் ஆரம்பிக்கப்போகிறது. கூப்பருக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருக்கிறேன், யாரும் கரடிக்குட்டி என்று சுட்டுவிடக் கூடாதே. கைபேசிப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். சட்டை அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும்.

மார்லீன்


நவம்பர் 24, 2013

அன்புள்ள மார்லீன் அம்மையாருக்கு,

தகர டப்பா என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தப்பு உங்களுடையது அல்ல, அவனுடையதும் அல்ல. என்னுடையது. நாய் பழக்க எங்களுக்கு ஒரு கிளிக்கர் தருவார்கள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு தகடு. அழுத்தினால் நீங்கள் எழுதினீர்களே, அதே சத்தம். நாய் சரியானதைச் செய்த அந்த நொடியில் அழுத்த வேண்டும், உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்கே ஒரு பொருள் வந்துவிடும்: நீ செய்தது சரி, வா, வாங்கிக்கொள். நீங்கள் ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் அவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவன் வந்திருக்கிறான். கூலிதான் கொடுக்கவில்லை.

மூக்கு ஏன் என்பதையும் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் அவன் என் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சோற்றுக்கும் வரவில்லை. மற்ற நாய்களுக்கு உட்கார், படு என்று பாடம் ஆரம்பித்துவிட்டது. “இவன் தேற மாட்டான், திருப்பி அனுப்பிடலாம்” என்று பேச்சு வந்தது. நான் தரையில் படுத்துக்கொண்டு கையை அங்கே நீட்டி வைத்தேன். மூக்கின் நுனி வெளிச்சத்துக்கு வந்தால் ஒரு டிக், ஒரு துண்டு சாசேஜ். பிறகு மூக்கு என் உள்ளங்கையைத் தொட்டால்தான் டிக். அப்படியே கட்டிலுக்கு வெளியே வந்தான். அவன் கற்ற முதல் பாடம் அது. என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் அதைத்தான் செய்து பார்ப்பான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். படம் எடுத்ததும் ஒரு துண்டு சீஸ் கொடுத்துவிடுங்கள். அந்தச் சத்தத்தைக் கெடுக்க வேண்டாம். பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாசனை எப்போதோ போயிருக்கும். அவன் தலைக்குள் நான் இருக்கும் இடம் அந்த டிக் ஒன்றுதான். படம் மூக்காகவே வந்தாலும் எனக்குக் குறையில்லை.

ஆரஞ்சுச் சட்டைப் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதிருப்தி நன்றாகவே தெரிகிறது.

என்றும் நன்றியுள்ள,
டெல்பர்ட்


டிசம்பர் 15, 2013

அன்புள்ள டெல்பர்ட்,

ஒரு படத்துக்கு ஒரு சீஸ் என்று உடன்படிக்கை போட்டுக்கொண்டோம். அவன் தன் பங்கைத் தவறாமல் செய்கிறான். எனக்குத்தான் புத்தி வந்திருக்கிறது. ஒரே படம்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும் அவசரம் போய்விட்டது. தரையில் படுத்து, வெளிச்சம் பார்த்து, கண்ணில் ஃபோகஸ் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று. பிறகு மூக்கு, பிறகு சீஸ். வகுப்பில் மற்றவர்கள் படபடவென்று அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ரஸ் என் படத்தைத் திரையில் போட்டு, “இத யாரு எடுத்தது?” என்றார். நான் கை தூக்கியதை அவர் நம்பவில்லை.

அதை வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் அவன் கண்ணில் தெரிகிறது பாருங்கள். காது கொஞ்சம் மங்கல்தான்.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குக் குக்கி அனுப்பலாமா என்று திருமதி ஓபர்க்கிடம் கேட்டேன். கூடாதாம். நீங்கள் சாப்பிட வேண்டியதை நானும் கூப்பரும் சாப்பிட்டுவிட்டோம்.

ஏப்ரலைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

பண்டிகை வாழ்த்துகளுடன்,
மார்லீன்


ஜனவரி 18, 2014

டெல்பர்ட்,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பனியில் தபால் எங்கே நிற்கிறதோ. அதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வாரம் மட்டும் வகுப்பை வியாழன் மாலைக்குப் பதிலாக இன்று பகலில் வெளியே வைத்தார்கள். பனியில் படம் எடுக்கும் பாடம். பழைய தானியக் கிடங்கு அருகே, நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நானும் கூப்பரும், அந்தப் பக்கம் ரஸ்ஸும் மற்றவர்களும். கையுறையோடு பொத்தானை அழுத்த வரவில்லை என்று கழற்றினேன். அதற்காகக் கூப்பரின் கழுத்து வாரை ஒரு கணம் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ரஸ் எங்களைப் படம் எடுத்தார். குளிரில் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிக்-டக். என் காலுக்கு அடியிலிருந்து வாரை உருவிக்கொண்டு நேரே சாலைக்குள் பாய்ந்தான்.

பால் லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நல்லவர். பிரேக்கை மிதித்துவிடாமல் வண்டியை மெல்ல ஓரத்துப் பனிக்குள் இறக்கிவிட்டார். கூப்பர் சாலையைத் தாண்டிப் போய் ரஸ்ஸின் லென்ஸில் மூக்கை வைத்துவிட்டு சீஸுக்காக உட்கார்ந்தான். ரஸ்ஸிடம் சீஸ் இல்லை.

ஓட்டுநர் இறங்கி வந்து, “உங்க நாயாம்மா?” என்றார். “ஆமா” என்றேன். “அவன் பாட்டுக்கு வரான், ஒரு தயக்கம் இல்ல, யாரோ கூப்பிட்ட மாதிரி வரான்” என்றார்.  

என்ன செய்யலாம்? வாரை இனி விடமாட்டேன். அது போதுமா?

மார்லீன்


ஜனவரி 27, 2014

அன்புள்ள மார்லீன் அம்மையாருக்கு,

போதாது. பேனா மூடி, சீட் பெல்ட், அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர், எதுவும் அந்தச் சத்தம் போடலாம். அதை அழித்துவிடுங்கள்.

வழி எளிது. வீட்டுக்குள், கதவுகளைச் சாத்திவிட்டு, கேமராவை அழுத்துங்கள். வருவான். ஒன்றும் கொடுக்காதீர்கள், பேசாதீர்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். மறுபடி அழுத்துங்கள். நடுவில் மனம் இளகி ஒரே ஒரு முறை கொடுத்தாலும் முன்பைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்வான், எனவே ஆரம்பித்தால் முடித்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் படுத்துக்கொள்ளும் வரை செய்யுங்கள். மறுநாளும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் அது வெறும் சத்தமாகிவிடும்.

நான் முன்பு கேட்டுக்கொண்டதை மறந்துவிடுங்கள். என்னால் ஒருவர் சாலையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். என் சத்தத்தைக் கேட்டு அவன் லாரிக்கு முன்னால் ஓடுவான் என்றால் அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்.

டெல்பர்ட்


பிப்ரவரி 16, 2014

அன்புள்ள டெல்பர்ட்,

செய்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். உங்களுக்குத் தெரிய வேண்டியது என்பதால் எழுதுகிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுத்தினேன். வந்தான், மூக்கை வைத்தான், என் கையைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தான். பிறகு உட்கார்ந்து காட்டினான். படுத்தான். ஒரு காலைக் கொடுத்தான், மறு காலைக் கொடுத்தான், புரண்டான். அவனுக்கு இத்தனை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எல்லாம் நீங்கள் கற்றுத் தந்தவையாக இருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மேசைக்கு அடியில் போய்விட்டான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். மேசைத் துணிக்குக் கீழிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அதற்கும் நான் ஒன்றும் கொடுக்கவில்லை, நீங்கள் சொன்னபடி. வெகு நேரம் கழித்து மூக்கு உள்ளே போய்விட்டது. நான் கேமராவை வைத்துவிட்டு அழுதேன். அழுகிற பேர்வழி இல்லை நான்.

இப்போது எத்தனை முறை அழுத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரஸ்ஸை வீட்டுக்கு வரச்சொல்லி அவர் கேமராவிலும் சோதித்தாயிற்று. ஐந்து படங்கள் வைத்திருக்கிறேன், ஓர் உறைக்கு அவ்வளவுதான் அனுமதி. ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது. பனி வெள்ளையாகவும் நாய் கறுப்பாகவும் வந்திருக்கிறது, அதுவே பெரிய காரியமாம். மூன்றாவதை நூலகச் சுவரில் மாட்டப் போகிறார்கள். நான் சந்தோஷப்பட வேண்டும்.

மார்லீன்


மார்ச் 9, 2014

அன்புள்ள மார்லீன் அம்மையாருக்கு,

படங்கள் அருமை. கோல்ப் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இப்பத்தான்யா இது நாய் மாதிரி இருக்கு” என்றார். அவருடைய பாராட்டு அவ்வளவு வரைதான் போகும்.

ஐந்திலும் அவன் ஜன்னலையோ பனியையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரையும் எதிர்பார்க்கவில்லை. நல்ல வீட்டில் இருக்கும் நாய் அப்படித்தான் இருக்க வேண்டும். மேசைத் துணி விஷயத்தை எழுதியதற்கு நன்றி. அதைச் செய்து முடித்ததற்கு அதைவிட அதிக நன்றி. என்னால் முடிந்திருக்காது.

ஏப்ரல் முதல் வாரம் வெளியே வருகிறேன். என் தங்கை வீட்டில் தங்கல், டயர் கடையில் வேலை. நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இனி யோசிக்க வேண்டாம், நான் வந்து அவனைப் பார்ப்பதாக இல்லை. முன்பென்றால் தூரத்தில் நின்று ஒருமுறை அழுத்தினால் போதும், தெரிந்துவிடும். இப்போது நான் யாரோ ஒருவன். அவன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புவதை நேரில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என்னுடைய கிளிக்கரை நினைவுக்காக வைத்துக்கொள்ளத் திட்டத்தில் அனுமதித்தார்கள். எனக்கு அதில் இனி வேலை இல்லை. திருமதி ஓபர்க் இந்த உறையோடு சேர்த்து அனுப்பச் சம்மதித்தார். உங்கள் இழுப்பறையில் எங்காவது கிடக்கட்டும்.

அவனுக்கு வயிறு சரியில்லாதபோது வெறும் சோறும் பூசணிக்காயும் கொடுங்கள், கேட்கும். இடி இடித்தால் குளியல் தொட்டிக்குள் படுப்பான், விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் நன்றி.
டெல்பர்ட்


ஏப்ரல் 6, 2014

அன்புள்ள டெல்பர்ட்,

இது உங்கள் தங்கை வீட்டுக்கு வந்து சேருமா என்று தெரியாது. “ஒரு தடவைதான் அனுப்புவேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று திருமதி ஓபர்க் சொல்லியிருக்கிறார். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன்.

உங்கள் கிளிக்கர் பெட்டி போன வாரம் வந்தது. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று உறையைப் பிரித்தேன். இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். கையில் எடுத்த எதையும் அழுத்திப் பார்க்காமல் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அழுத்தினேன். என் காதுக்கு என் கேமராவும் அதுவும் ஒரே சத்தம்தான்.

கூப்பர் வீட்டின் அந்தக் கோடியில், என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். முதலில் கட்டிலிலிருந்து குதித்த சத்தம் கேட்டது. பிறகு மரத்தரையில் நகங்கள். வளைவில் சறுக்கி, குப்பைக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்து, என் உள்ளங்கையில் மூக்கை வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். பிறகு வாசல் கதவுக்குப் போய், அன்றைக்கு நின்றானே, அதே இடத்தில் நின்றான்.

உடனே கேமராவை எடுத்து அழுத்தினேன். காதுகூட அசையவில்லை. பெட்டியை அழுத்தினேன். வந்தான். இருபது தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழித்தது என் கேமராவின் சத்தத்தைத்தான். உங்களுடையது வேறு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. வீட்டில் இருந்த சீஸெல்லாம் தீர்ந்துபோயிற்று.

நான் யோசித்து முடித்துவிட்டேன். முகவரி எழுதக் கூடாது என்பது விதி. உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் எல்க் பிரேரியில் பேருந்து நிற்பது பெட்ரோல் பங்க் வாசலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு பேருந்துதான் வரும். எந்த ஞாயிறு என்பது உங்கள் இஷ்டம். மே மாதம் முழுக்க நான் அங்கே வண்டியோடு நிற்பேன். நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. ஆட்களை ஏற்றி இறக்குவது எனக்குப் பழகிய வேலை.

அந்த மனிதரைப் பற்றி முன்பு எழுதியதில் ஒரு வரியும் மாறவில்லை. அதை மாற்றாமலேயே உங்களை வரச்சொல்கிறேன்.

படம் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கேமரா, ஃபோகஸ் சுத்தமாக இல்லை. ரஸ் இதைப் பார்த்தால் என்னை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைப்பார். இடது துவாரத்தின் ஓரத்துப் புள்ளி மட்டும் தெரிகிறது.

பேருந்திலிருந்து இறங்கியதும் பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் என் வண்டியின் பின் இருக்கையில் இருப்பான், நான் கதவைத் திறந்து வாரைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அழுத்துங்கள். சீஸ் நான் கொண்டுவருகிறேன்.

மார்லீன்